பொய்ப்பெயரும் மெய்க்குரலும்: 'லாரி லூரெக்ஸ்' இசைத்தட்டு பற்றி ஓர் ஆய்வு

கலைஞன் ஒருவன் தன் பெயரை மறைத்து வேறொரு பெயரில் ஆக்கிய படைப்பை அவனுடைய ஏனைய படைப்புக்களோடு சேர்த்து எண்ணுதல் தகுமா? சேர்த்து எண்ணினால் அதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது? இவ்வினா இலக்கியம் பயில்வோர்க்குப் புதியதன்று. பாரதியார் 'ஷெல்லிதாசன்' என்னும் பெயரிலும் எழுதினார். அதுவும் பாரதியின் எழுத்தே என்பதில் நமக்கு ஐயமில்லை. சங்கத் தொகைகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே பாடினோர் சிலரின் பெயர் மறைந்துபோகவே, பாட்டில் அமைந்த தொடரே அவர்களுக்குப் பெயராக நின்றது. செம்புலப்பெயனீரார் என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. பெயர் போயிற்று, பாட்டு நின்றது.

எழுத்துக் கலையில் நடையைக் கொண்டுதான் ஆசிரியரைத் தேட வேண்டியிருக்கிறது. நடையை மாற்றி எழுதும் திறமையுடையவர் தம்மை நன்றாகவே மறைத்துக்கொள்ளலாம். ஆனால், ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாட்டில் அவ்வளவு எளிதாக மறைந்துகொள்ள இயலாது. உறையின்மேல் எந்தப் பெயரை அச்சிட்டாலும் தட்டினுள் இருப்பது பாடியவரின் மூச்சு. ஆதலின், மேற்கூறிய வினாவை ஆராய்வதற்கு இசைத்தட்டு ஒன்றைச் சான்றாகக் கொள்வது பொருத்தமாகும்.

அத்தகைய இசைத்தட்டு ஒன்று 1973ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தில் வெளிவந்தது. பக்கத்துக்கு ஒன்றாக அதில் இரண்டே பாடல்கள். பாடியவர் 'லாரி லூரெக்ஸ்' என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. அப்படி ஒருவர் உலகில் இல்லை. பாடியவர், 'குவீன்' என்னும் ராக் இசைக்குழுவின் பாடகராகப் பின்னாளில் உலகப் புகழ் எய்திய பிரெடி மெர்க்குரி. அவர் குரல் பதிந்து விற்பனைக்கு வந்த முதல் இசைத்தட்டு இதுவே. குவீன் குழுவின் முதல் இசைத்தட்டு சில நாட்கள் பின்னரே வந்தது.

இந்தச் சிறு தட்டை 'வேடிக்கை' என்று ஒதுக்குவோரும் உளர். பெரியவர் ஒருவரின் முதற்குரல் என்பதற்காகவே போற்றுவோரும் உளர். இவ்விரு சாராரும் அதனைக் கேளாமலே தீர்ப்புக் கூறுகின்றனர் என்பது நம் கருத்து. கேட்டபின் என்ன கூறலாம் என்பதை இங்கே காண்போம்.

மூன்று பெயர்கள்

பிரெடி மெர்க்குரியும் இயற்பெயர் அன்று. கிழக்காப்பிரிக்கக் கரையை அடுத்த சான்சிபார்த் தீவில், 1946ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், பார்சிக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பரோக் புல்சாரா. இளமையில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, இன்றைய மகாராட்டிர மாநிலத்துப் பஞ்சகனியில், விடுதிப் பள்ளி ஒன்றில் பயின்றார். 'பிரெடி' என்று தோழர்கள் அழைத்தது அங்கேதான். 'ஹெக்டிக்ஸ்' என்னும் மாணவர் இசைக்குழுவில் அவர் பியானோ வாசித்ததும் அங்கேதான். 1964ஆம் ஆண்டில் சான்சிபாரில் புரட்சி மூண்டது. குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. இலண்டன் ஈலிங் கலைக்கல்லூரியில் அவர் வரைகலை பயின்றார். 1970ஆம் ஆண்டில் கிட்டார்க் கலைஞர் பிரையன் மே, முரசுக் கலைஞர் ரோஜர் டெய்லர் ஆகியோருடன் சேர்ந்து குவீன் குழுவைத் தொடங்கினார். ஜான் டீக்கன் 1971இல் சேர்ந்தார்.

'மெர்க்குரி' என்னும் பெயரை அவர் பூண்டது குழு தொடங்கிய காலத்தை ஒட்டியே. தாமே இயற்றிய 'மை பேரி கிங்' என்னும் பாட்டிலிருந்து அப்பெயரை அவர் எடுத்துக்கொண்டார் என்று பிரையன் மே கூறியுள்ளார். இச்செய்தி நம் ஆராய்ச்சிக்கு வேண்டியது. பாட்டில் அமைந்த சொல்லே பாடியவருக்குப் பெயராயிற்று. செம்புலப்பெயனீராருக்குப் பிறர் செய்ததை இவர் தமக்குத் தாமே செய்துகொண்டார்.

ஆகவே 1973இல் அவருக்கு மூன்று பெயர்கள் இருந்தன. பரோக் புல்சாரா என்பது பிறந்த வீடு. பிரெடி மெர்க்குரி என்பது அவரே கட்டிக் குடிபுகுந்த வீடு. லாரி லூரெக்ஸ் என்பதோ ஓரிரவு தங்கிச் செல்லும் சத்திரம். புனைபெயர்கள் அனைத்தையும் ஓரினமாகக் கருதுவோர் இந்த வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகின்றனர். வாழ்வதற்காகப் பூணும் பெயர் வேறு. கழற்றி எறிவதற்காகவே பூணும் பெயர் வேறு.

பெயர் மறைப்பதன் காரணங்கள்

மேலை நாட்டு இசைக்கலைஞர்கள் பெயரை மறைத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. இரண்டினை எடுத்துக்காட்டாகக் கூறலாம். பீட்டில்ஸ் குழுவினராகிய ஜார்ஜ் ஹாரிசன், கிரீம் குழுவின் 'பேட்ஜ்' என்னும் பாட்டில் கிட்டார் வாசித்தார். 1969இல் வெளிவந்த அத்தட்டில் அவர் பெயர் 'லாஞ்செலோ மிஸ்டீரியோசோ' என்று இருந்தது. வேறு நிறுவனத்தோடு செய்திருந்த ஒப்பந்தமே அதற்குக் காரணம். அதே குழுவின் பால் மெக்கார்ட்னி 1966இல் 'உமன்' என்னும் பாட்டை இயற்றிப் பீட்டர், கோர்டன் என்னும் இரட்டையர்க்குக் கொடுத்தபோது, இயற்றியவர் 'பெர்னார்ட் வெப்' என்று போடச் செய்தார். தம் பெயரின் வலிமையின்றியும் பாட்டு வெல்லுமா என்று அறிய விரும்பினார். முன்னது சட்டம் பற்றியது. பின்னது சோதனை பற்றியது.

மெர்க்குரியின் நிலை இவ்விரண்டிலும் அடங்காது. மறைப்பதற்குரிய புகழ் அவருக்கு அன்று இல்லை. சோதிப்பதற்குரிய பெயரும் இல்லை. எனினும், ஒரு நடைமுறைக் காரணத்தை நாம் ஊகிக்கலாம். குவீன் குழுவின் முதல் தட்டை வெளியிடவிருந்த ஈ.எம்.ஐ. நிறுவனமே இதனையும் வெளியிட்டது. புதிய பாடகர் ஒருவரை ஒரே கோடைக்காலத்தில் இருவகை இசையோடு அறிமுகப்படுத்தினால் கேட்போர் குழம்புவர். ஆகவே ஒன்றுக்கு முகமூடி வேண்டியதாயிற்று.

அந்த முகமூடியோ பகடியாக அமைந்தது. அந்நாளில் பளபளக்கும் உடையணிந்து ஆடிப்பாடும் 'கிளாம் ராக்' இசை இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்தது. அதில் முன்னின்றவருள் ஒருவர் கேரி கிளிட்டர். 'கிளிட்டர்' என்றால் மினுமினுப்பு. 'லூரெக்ஸ்' என்பது நம் சரிகையைப்போல மினுங்கும் உலோக இழைக்கு வழங்கும் வணிகப் பெயர். கேரி என்பதற்கு லாரி, மினுமினுப்புக்குப் போலிச்சரிகை. பெயரைக் கேட்டவுடனே அன்றைய இளைஞர்க்குச் சிரிப்பு வந்திருக்கும். கிளிட்டரின் நேயர்க்குச் சினமும் வந்திருக்கும்.

பகடி எப்பொழுதும் தான் பகடி செய்யும் பொருளைச் சார்ந்தே வாழ்கிறது. கிளிட்டர் பின்னாளில் சிறுவர் சிறுமியர்க்கு இழைத்த கொடுங்குற்றங்களுக்காகச் சிறை சென்றார். இன்று அவர் பெயரை எவரும் விரும்பி நினைப்பதில்லை. ஆகவே 'லாரி லூரெக்ஸ்' என்னும் சொல்லில் இருந்த நகைச்சுவையும் உலர்ந்துவிட்டது. இந்த இசைத்தட்டில் முதலில் இறந்தது அதன் பெயரே. அது நமக்கு நன்மையாகவே முடிந்தது. பெயரை மறந்து பாட்டை மட்டும் கேட்கும் வாய்ப்பு இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது.

தட்டு தோன்றிய விதம்

இலண்டன் சோகோப் பகுதியில் டிரைடன்ட் என்னும் ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. குவீன் குழுவினர் 1972இல் அந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தனர். பணம் கொடுக்கும் பெரிய கலைஞர்கள் கூடத்தை விட்டு நீங்கிய பின்னர், எஞ்சிய நேரத்தில், நள்ளிரவிலும் விடியற்காலையிலும் தம் முதல் தட்டைப் பதிவுசெய்து வந்தனர். அதே கூடத்தில் பணிபுரிந்த ராபின் கேபிள் என்பவர், அமெரிக்கரான பில் ஸ்பெக்டரின் ஒலிப்பதிவு முறையைத் தாமும் செய்துபார்க்க விரும்பினார். பாடுவதற்கு மெர்க்குரியை அழைத்தார். மெர்க்குரி தம் தோழர்களான மேயையும் டெய்லரையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

ஸ்பெக்டரின் முறையை 'ஒலிச்சுவர்' என்று அழைப்பர். ஒரே பகுதியைப் பல பியானோக்களும் பல கிட்டார்களும் சேர்ந்து வாசிக்கும். அவ்வோசையை எதிரொலி அறைக்குள் செலுத்தி மீண்டும் பதிவுசெய்வர். அப்பொழுது எந்தக் கருவி எதை வாசிக்கிறது என்று பிரித்தறிய இயலாதவாறு எல்லாம் ஒன்றாகக் குழைந்து, சுவர்போல எழும்பி நிற்கும். 1960களின் முற்பகுதியில் அமெரிக்க வானொலிகளில் இம்முறை பெருவெற்றி பெற்றது.

முதற்பக்கம்

தட்டின் முதற்பக்கத்துப் பாடல் 'ஐ கேன் ஹியர் மியூசிக்'. ஜெப் பாரி, எல்லி கிரீனிச், பில் ஸ்பெக்டர் ஆகிய மூவர் இயற்றியது. ரொனெட்ஸ் என்னும் மகளிர் குழு 1966இல் பாடியது. பீச் பாய்ஸ் குழு 1969இல் பாடிப் புகழ்பெறச் செய்தது. பீச் பாய்ஸ் குழுவினர் தம் குரல்களின் இணைவையே முதன்மையாகக் கொண்டு அப்பாட்டுக்குப் புதிய உருவம் தந்தனர். பழம் பாட்டை எடுத்துப் பாடுவோர் செய்ய வேண்டிய கடமை அதுவே.

லாரி லூரெக்ஸின் பாட்டு அக்கடமையைச் செய்யவில்லை. இதனை ஒளிக்காமல் கூறுதல் வேண்டும். அது ஒலிச்சுவர் முறைக்கே திரும்பிச் செல்கிறது. பிறர் கட்டி, குடியிருந்து, காலி செய்த வீட்டை மீண்டும் அளவெடுத்துக் கட்டியது போன்றது அது. கட்டிய திறமையைப் பாராட்டலாம். புதிதாக வாழ இடமில்லை. மேலும், ஒலிச்சுவர் முறையில் பாடகர் குரலும் சுவரின் ஒரு செங்கல்லே. தனித்து நிற்பதற்கென்றே பிறந்த குரலை அவ்வாறு பூசி அடைப்பது பொருந்தாச் செயலாகும்.

ஆயினும் அச்சுவரில் இரண்டு விரிசல்கள் உண்டு. ஒன்று குரலின் மேல்தாயி. சொற்கள் உயர்ந்து செல்லுமிடத்தில் அது எதிரொலியையும் கருவிகளையும் மீறி வெளிவருகிறது. மற்றொன்று பிரையன் மேயின் கிட்டார். அக்கிட்டாரை அவரும் அவர் தந்தையும் 1960களில் வீட்டிலேயே செய்தனர்; பழைய கணப்படுப்பு ஒன்றின் மரச்சட்டத்தைக் கொண்டு அதன் கழுத்தை இழைத்தனர். அவர் அதனை மீட்டுவதும் ஆறு பென்சு நாணயத்தால். ஆகவே அதன் ஒலி உலகில் வேறெந்தக் கிட்டாருக்கும் இல்லாதது. பாட்டின் நடுவே அது ஒலித்தவுடன் முகமூடி நழுவிவிடுகிறது. பெயரை மாற்றினார்கள், கையை மாற்றவில்லை.

முதற்பக்கத்தைப் பயிற்சி என்று கொள்ளலாம். நல்ல மாணாக்கர் பழம் புலவரின் யாப்பில் எழுதிப் பழகுவதை ஒத்தது. பழக்கத்தை இகழ வேண்டியதில்லை. படைப்பு என்று புகழவும் வேண்டியதில்லை.

மறுபக்கம்

மறுபக்கத்துப் பாடல் 'கோயிங் பேக்'. ஜெரி கோபின் சொல்லெழுத, கரோல் கிங் மெட்டமைத்தது. டஸ்டி ஸ்பிரிங்பீல்டு என்னும் பாடகி 1966இல் பாடி இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் பத்தாம் இடம் வரை கொண்டுசென்றார். வளர்ந்த ஒருவர் தம் குழந்தைப் பருவத்தை நினைத்து, அப்பொழுது தெரிந்திருந்த ஏதோ ஒன்றை மீட்டுக்கொள்ளத் திரும்பிச் செல்ல விழைவதே பாட்டின் பொருள்.

இங்கே சுவர் தாழ்ந்து நிற்கிறது. பாட்டு மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வளர்கிறது. குரல் முன்னே வருகிறது. பகடிக்கு இங்கே இடமே இல்லை. பகடிப் பெயரோடு வந்தவர் நகைக்காமல் பாடுகிறார். பிற்காலத்தில் அவரிடம் நாம் கண்ட பண்புகள் இரண்டு இப்பாட்டிலேயே உள்ளன. முதலாவது, சொல்லின் பொருளுக்கேற்பக் குரலின் கனத்தை மாற்றுதல். இரண்டாவது, உருக்கமான இடத்தில் குரலை உயர்த்தாமல் தாழ்த்துதல். கூத்துக்கும் ஆரவாரத்துக்கும் பெயர்பெற்ற ஒருவரிடம் இந்த அடக்கம் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை இப்பக்கம் காட்டுகிறது.

தட்டு வெளிவந்தபோது மெர்க்குரிக்கு வயது 26. ஆனால், குழந்தைப் பருவம் என்பது அவருக்கு வெறும் வயதின் தொலைவு மட்டுமன்று. சான்சிபார், பஞ்சகனி, இலண்டன் என்று மூன்று நிலங்களைக் கடந்தவர் அவர். புரட்சியால் ஊரை விட்டகன்ற குடும்பத்தின் மகனுக்குத் 'திரும்பிச் செல்லுதல்' என்னும் சொல் பிறர்க்குள்ள அதே எடையில் இராது. அதை எண்ணியே பாடினார் என்று நாம் கூறத் துணியோம். பாடகர் உள்ளத்தை அறிவது நம் வேலையன்று. பாட்டின் பொருளும் பாடியவர் வாழ்க்கையும் ஒத்திருப்பதைச் சுட்டுதல் மட்டும் நமக்கு அமையும்.

தோல்வியும் பயனும்

இசைத்தட்டு விற்கவில்லை. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. பகடிப் பெயரே அதனைக் கெடுத்தது என்று கூறுவர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், 1973 ஜூலை 6ஆம் நாள் குவீன் குழு தன் சொந்தப் பெயரில் வெளியிட்ட 'கீப் யுவர்செல்ப் அலைவ்' என்னும் முதல் தட்டும் பட்டியலில் இடம்பெறவில்லை. பொய்ப்பெயர் தோற்ற சில நாட்களுக்குள் மெய்ப்பெயரும் தோற்றது! ஆகவே தோல்விக்குப் பெயரை மட்டும் காரணங்காட்டுவது பொருந்தாது.

பயன் வேறிடத்தில் விளைந்தது. குவீன் குழுவின் இரண்டாம் நீள்தட்டு 1974ஆம் ஆண்டு மார்ச்சில் வந்தது. அதில் 'நெவர்மோர்', 'பன்னி ஹவ் லவ் இஸ்' என்னும் மெர்க்குரியின் இரு பாடல்களை அவரோடு உடனிருந்து உருவாக்கியவர் அதே ராபின் கேபிள். இரண்டாவது பாட்டில் ஒலிச்சுவர் முறை தெளிவாகக் கேட்கிறது. ஆனால், இப்பொழுது சுவர் பிறருடைய பாட்டைச் சுற்றி எழும்பவில்லை. அவர்தம் சொந்தப் பாட்டுக்குள் அது அறையாயிற்று. பயிற்சி இவ்வாறுதான் படைப்பாகிறது. அடுத்த ஆண்டு வந்த 'பொகீமியன் ராப்சடி' என்னும் பாட்டில் குரல்மேல் குரலை அடுக்கி எழுப்பிய மாளிகையைக் கேட்போர், அடுக்கும் வேலையில் அவருக்கு முன்பே பழக்கமிருந்ததை எண்ணிப்பார்க்கலாம்.

இறுதிப் பாட்டில் முதற்குரல்

1991ஆம் ஆண்டு மே மாதத்தில், சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரத்து ஒலிப்பதிவுக்கூடத்தில், மெர்க்குரி 'மதர் லவ்' என்னும் பாட்டைப் பாடினார். நோய் முற்றியிருந்தது. கடைசிப் பகுதியைப் பிறகு பாடுவதாகக் கூறி நிறுத்தினார்; பாட வரவே இல்லை. அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாள் காலமானார். விட்டுப்போன பகுதியைப் பிரையன் மே பாடி நிறைவுசெய்தார். 1995இல் 'மேட் இன் ஹெவன்' என்னும் நீள்தட்டில் அது வெளிவந்தது.

அப்பாட்டின் முடிவில், 1986இல் வெம்பிளி அரங்கில் மக்கள் திரளோடு மெர்க்குரி குரலெடுத்து விளையாடியது கேட்கிறது. குழுவின் பழைய ஒலிப்பதிவுகள் விரைந்து பின்னோடுவது போன்ற ஓசை எழுகிறது. அவை எல்லாம் கடந்தபின் ஒரு குரல் சிறிது நேரம் பாடுகிறது. அது 'கோயிங் பேக்' பாட்டின் குரல். 'லாரி லூரெக்ஸ்' என்னும் பெயரில் வந்த அதே குரல். பின்னர்க் குழந்தையின் அழுகை; அத்துடன் பாட்டு முடிகிறது.

எத்தனையோ வெற்றிப் பாடல்கள் இருக்க, எவரும் வாங்காத தட்டின் மறுபக்கத்தைத் தேடி எடுத்தது ஏன்? முதற்குரல் என்பது ஒரு காரணம். திரும்பிச் செல்லுதல் என்னும் பொருள் மற்றொரு காரணம். இரண்டும் உண்மையே. எனினும், வெறும் பகடியாக மட்டும் இருந்திருப்பின் அவ்விடத்தில் அது நின்றிருக்க முடியாது. இறந்தவர் பாட்டின் இறுதியில் வேடிக்கையை எவரும் வைப்பதில்லை. முதற்பக்கத்தை அவ்விடத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்தாது. மறுபக்கம் பொருந்துகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின்னும் அந்த எடையை அக்குரல் தாங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இதனை அவ்வாறு அமைத்தவர் மெர்க்குரி அல்லர், உயிரோடிருந்த தோழர்களே. ஆகவே 'மெர்க்குரி தம் வாழ்வை இவ்வாறு முடித்தார்' என்று எழுதுவது பிழை. இது தோழர்கள் அவருக்கு எழுதிய உரை. ஆனால், உரையாசிரியர் மூலத்தில் இல்லாததைப் புகுத்தினாரா, இருந்ததை எடுத்துக்காட்டினாரா என்று பார்ப்பதே உரையை மதிப்பிடும் முறை. இங்கே எடுத்துக்காட்டினர் என்றே நாம் முடிவு செய்கிறோம். ஏனெனில், 1995ஆம் ஆண்டுத் தட்டை அறியாத ஒருவர் 1973ஆம் ஆண்டு மறுபக்கத்தைத் தனியே கேட்டாலும் அதன் உருக்கம் குன்றுவதில்லை.

நாம் கொள்ளத்தக்க முடிவு

2000ஆம் ஆண்டில் மெர்க்குரியின் தனிப்பாடல்கள் திரட்டி வெளியிடப்பட்டபோது இவ்விரு பாடல்களும் அதனுள் சேர்க்கப்பட்டன. பதிப்பித்தோர் செய்தது சரியே. ஆயினும், தொகுப்பில் இடமளிப்பது வேறு. ஒரே மதிப்பளிப்பது வேறு. தொகுப்போர் எல்லாவற்றையும் சேர்த்தல் வேண்டும். திறனாய்வோர் பிரித்தல் வேண்டும். ஒரே பெயர், ஒரே தட்டு, ஒரே கூடம், ஒரே பாடகர். இருந்தும் ஒரு பக்கம் பயிற்சி, மறுபக்கம் படைப்பு. பெயரைப் பார்த்துத் தீர்ப்பளிப்பவர்க்கு இவ்வேறுபாடு தெரியாது. பொய்ப்பெயர் என்று தள்ளுவோர் மறுபக்கத்தை இழப்பர். பெரியவர் குரல் என்று கொள்ளுவோர் முதற்பக்கத்தையும் பொன்னாக்குவர்.

மாணவர்க்குத் திறனாய்வு கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். ஆசிரியர் பெயரைக் கூறாமல் ஒரு பகுதியைப் படித்துக் காட்டுக, மதிப்பைக் கேட்க. பின்னர்ப் பெயரைக் கூறுக; மீண்டும் கேட்க. இரண்டு விடைகளும் வேறுபட்டால், மாணவர் முதலில் மதித்தது எழுத்தை, இரண்டாவது மதித்தது பெயரை என்று உணர்த்துக. அப்பயிற்சிக்கு இந்தப் பழைய இசைத்தட்டும் உதவும். உறையை அப்புறப்படுத்திவிட்டு மறுபக்கத்தை முதலில் கேட்கச் செய்க.